விளையாட்டில் மூடிய சுரங்கம்

"நேத்து நான் சுரங்கத்த மூடிட்டேன்டி" என்று பின் இருக்கையில் ஒரு பெண் சொன்னாள். நெய்வேலியிலிருந்து வடலூர் போகும் பேருந்து அது. ஒட்டுக்கேட்பது சரியில்லைதான், ஆனாலும் கேட்டேன். இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தியின் கைப்பேசியில் ஊர் கட்டும் விளையாட்டு.

"கரிப் புகையும் சூடும் கொறையட்டும்னு மூடிட்டு, கரண்ட்டுக்குக் காத்தாடி வச்சேன். ஆனா ஊரே இருட்டாகினு வருது. என்னன்னு பாரேன்."

"ஏய் லூசு! சுரங்கத்துல இன்னும் பம்ப் ஓடிக்கினு இருக்கு. கரண்ட்டெல்லாம் அதுதான் குடிக்குது."

"நிறுத்தினா உள்ள தண்ணி ஏறிடும்ல?"

"மூடின சுரங்கத்துல தண்ணி ஏறினா உனக்கென்னடி?"

"எங்கப்பா நெஜ சுரங்கத்துல பம்ப் ஆபரேட்டர்டி. ராவும் பகலும் எறைச்சுக்கினே இருக்காரு. நிறுத்தக் கை வரல."

"நிறுத்துடி, இல்லன்னா ஊரே போயிடும்!"

"சரி, நிறுத்திட்டேன்" என்று அவள் திரையைத் தட்டினாள்.

"ஐயோ, ஏறுது, ஏறுது! ஏரியாட்டம் ஆகுது பாரு!"

"லைட் வந்துடுச்சு! அது என்ன, கொக்கா?"

"கொக்குதான்! கூட்டமா வருது!"

அவர்கள் கத்தியதில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். என் மடியில் தூங்கிய மகள் விழித்துவிடுவாளோ என்று தட்டிக்கொடுத்தேன்.

"அப்ப எங்கப்பாவுக்கு என்ன வேலை? இத்தினி வருஷமா கான்ட்ராக்ட்லயே கெடக்குறாரு."

"ஏரிக்குக் காவல் போடு. பறவைங்கள பார்த்துக்கட்டும்."

"இரு, போடுறேன்... போட்டுட்டேன்டி! பெர்மனென்ட்டா போட்டுட்டேன்!"