பத்தாவது சுற்று

"ஹலோ... ஆமா சார், நான்தான்... சொல்லுங்க சார், காலையிலேர்ந்து போனைக் கையிலேயே வெச்சிட்டிருக்கேன்."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள். தீயணைப்புப் படையின் தேர்வு அதிகாரி பேசுகிறார். உடற்தகுதி வீடியோவை அனுப்பி எட்டு நாளாகிறது.

கார் ஷெட்டின் மறுகோடியில் அவள் கணவன், வெல்டர். அவளுக்காகத் தானே பற்றவைத்த ஸ்டாண்டில் கிடந்த, எடை தூக்கும் இரும்புக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், 'என்னவாம்?' என்று புருவத்தால் கேட்டான்.

"பாத்துட்டீங்களா?... ஆமா ஆமா, பத்து சுத்து. பத்து ஸ்குவாட் உக்காந்து எழுந்த கையோட, கம்பியைத் தலைக்கு மேல அஞ்சு தடவை... ஒன்பது நிமிஷம் நாப்பது செகண்ட்! பத்துக்குள்ளதானே சார் கேட்டீங்க?... அப்ப பாஸ்தானே?... ஏன் சார் இழுக்கறீங்க?"

கணவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"பத்தாவது சுத்துல... கடைசித் தூக்கல்ல... கம்பியையா? யாரு சார்—"

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கடைசித் தூக்கலில் கை நடுங்கிக் கம்பி பின்னால் சாய்ந்தது. பிறகு, ஒரே ஒரு கணம், லேசானது. கடைசி நேரத் தெம்பு என்றுதான் எட்டு நாளாக நம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று எண்ணிய கணவனின் இரண்டு விரல்கள்! அடுத்தவர் விரல்நுனி பட்டாலும் தூக்கல் செல்லாது. விழப்போகிறவளைப் பிடிக்கக் கை தானாகப் போயிருக்கிறது. அவனுக்கே தெரிந்திருக்காது.

கணவனுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"முட்டியா சார்? ஆமா, முட்டி சரியா மடங்கலதான். இடுப்பு கீழ எறங்கல. என் தப்புதான்!"

சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல் கிசுகிசுப்பானது.

"இல்ல சார், நீங்க சொன்னது நல்லாவே காதுல விழுந்துச்சு... ஆமா, அவருதான். இங்கதான் நிக்கறாரு... தெரிஞ்சா அந்தக் கையை வெச்சுக்கிட்டு மனுஷன் வேலை பாக்க மாட்டாரு சார். அதான்... இன்னிக்கே மறுபடி எடுத்து அனுப்பட்டுமா?... கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சிடுச்சா... அடுத்த தடவையா? வர்ற மாசம் எனக்கு வயசு முப்பத்தஞ்சு முடியுது சார். அப்புறம் வாசல்லயே விட மாட்டீங்களே... தெரியும் சார். உங்களைச் சொல்லி என்ன—"

லைன் துண்டிக்கப்பட்டது.

தோளில் கை விழுந்தது. திரும்பினாள். அவன் கண்ணில் அதே கேள்வி.

போனை இன்னும் இறுக்கமாகக் காதில் அழுத்தினாள்.

"அப்படியா சார்?... வயசு வரம்பை ஒரு வருஷம் ஏத்தப் போறாங்களா?... சரி சார்... சரி சரி. அடுத்த வருஷம் முட்டியைச் சரி பண்ணிட்டு வர்றேன் சார்."

அவன் முகம் மலர்ந்தது. துணியை உதறிவிட்டு ஓடிப்போய், கம்பியின் இரு முனையிலும் எடைத் தட்டுகளை மாட்ட ஆரம்பித்தான்.

"ஆமா சார்," என்றாள் அவள், எதிர்முனையில் யாருமில்லாத போனில். "இப்பவே ஆரம்பிச்சிட்டோம்."