முப்பத்தேழு கதவு

அந்த ஸ்டூல் வேணாம் தம்பி, கால் ஆடுது. இப்படிப் பலகையில உக்காருங்க. கதவுதானே, பண்ணிடலாம். ஆனா என்கிட்ட போங்கன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்களே? போர்டைப் பாத்து வந்தீங்களா? அதான பாத்தேன். அடுத்த தெருவுக்குப் புதுசா குடிவந்தவரு, உங்களுக்கெங்க தெரியும். வேற எவன் வாயிலயோ கேக்கறதுக்கு நானே சொல்லிடறேன்.

போன வருஷம் கதவு வரி போட்டாங்கல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு. முன்கதவுக்கு ஒண்ணு, பின்கதவுக்கு ஒண்ணு. கதவுக்குத்தானே வரி, இந்தா நீயே வச்சுக்கோன்னு கழட்டிக் குடுத்துடலாம்னு யோசனை சொன்னது என் மச்சான், வீட்டுக்காரியோட தம்பி. நூத்துச் சொச்சம் வீட்டுல துணிஞ்சவங்க எங்க வீட்டோட சேத்து முப்பத்தேழு வீடு. கழட்டினது பூரா நான்தான். ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடி வண்டியில கொண்டுபோய் வாசல்ல அடுக்கிட்டு வந்துட்டோம். மேல ஒரு மனு. அதுல ஒருத்தர் பேரும் கிடையாது, அவ்வளவு உஷாரு.

மறுநாள் துரை கையெழுத்தோட நோட்டீஸ் ஒட்டினாங்க. வரியை நிறுத்தி வச்சாச்சாம், யார் மேலயும் நடவடிக்கை இல்லையாம், ஊருக்குள்ள சிப்பாய்க் காவலும் போடமாட்டாங்களாம், கதவை எடுத்துக்கலாமாம். நம்பினோம் தம்பி. எடுத்துட்டு வந்து எல்லாத்தையும் மாட்டினேன். சிரிப்பும் கும்மாளமுமா இருந்துச்சு.

நாலாம் நாள் காலையில சிப்பாய்ங்க வந்தாங்க. கையில காகிதம், அதுல வெறும் வீட்டு நம்பரு. நேரா அந்தந்த வீட்டுக்குப் போய் வீட்டுக்கு ஒருத்தரா இழுத்துட்டுப் போனாங்க. மிச்சம் இருந்த பொம்பளைங்க ஆறு மாசம் சிப்பாய்ங்களுக்கு ஆக்கிப் போட்டாங்க. மச்சானைக் கப்பல்ல ஏத்திட்டாங்க. இன்னி வரைக்கும் ஒரு கடுதாசி இல்ல.

எப்படித் தெரிஞ்சுதா? என்னாலதான். ஒரு வீட்டுக் கதவு இன்னொரு நிலையில உக்காராது. அதனால கழட்டும்போதே கீல் பக்கம் வீட்டு நம்பரை உளியால வெட்டிடுவோம், தொழில் பழக்கம். கை தன்னால செய்யும். ஆபீஸ்காரங்க அதைப் பாத்து எழுதிக்குவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

மறைக்கல, எல்லார்கிட்டயும் நானே போய்ச் சொன்னேன். திட்டினாங்க, வாங்கிக்கிட்டேன். வீட்டுக்காரி மட்டும், உங்க தப்பு என்ன இருக்குன்னு அழுதா. அப்புறம் ஒருநாள் சோறு போட்டுக்கிட்டே கேட்டா, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் வரல?

நான் செஞ்ச கதவு எனக்குத் தெரியாதாடி, அதுல எதுக்கு நம்பர் வெட்டணும்னேன். சத்தியமா அதான் நடந்துச்சு. தன் தம்பி பொண்டாட்டிக்குத் துணையா நாலு நாள் இருந்துட்டு வரேன்னு கிளம்பினா. எட்டு மாசம் ஆச்சு. ஊரு காட்டிக்குடுத்தவன்னு பேசினதைக் கூடத் தாங்கிட்டேன். இருபது வருஷம் என்கூட இருந்தவ, அவளுமான்னுதான் தாங்கல.

சரி, அளவை நீங்களே எடுத்துட்டு வந்துடுங்க. செஞ்சு தரேன், மாட்டறதுக்கு வேற ஆளைப் பாருங்க. உங்க எதிர்வீடுதான் மச்சான் வீடு, அவ அங்கதான் இருக்கா. என் தலையைக் கண்டா கதவைச் சாத்திக்கிறா. அதுவும் நான் மாட்டினதுதான்.