பதினோரு மாசமா ஒரு சின்னக் கார்

பதினோரு மாசம் தம்பி! ஒரே ஒரு சின்னக் கார் வாங்கறதுக்குப் பதினோரு மாசம்! ...வாய இன்னும் கொஞ்சம் திறங்க. ஆங், அப்படித்தான். நாக்க அந்தப் பக்கம் ஒதுக்கிக்கோங்க. ம்... சொத்தை ஆழமாத்தான் போயிருக்கு. பயப்படாதீங்க, வேரத் தொடல. ஊசி போட்டு மரத்துப்போனதும் சுரண்டி எடுத்துட்டு அடைச்சுடலாம். அரை மணி நேர வேலை. அரை மணி நேரத்துல நான் ஒரு கடவாப் பல்லையே காப்பாத்திடுவேன். பதினோரு மாசத்துல அந்த மனுஷனால ஒரு வண்டியக் கைகாட்டி 'இதுதான்'னு சொல்ல முடியல!

எந்த மனுஷனா? எங்க வீட்டுக்காரரத்தான் சொல்றேன். வேற யாரப் பத்தி நான் இவ்வளவு உரிமையா புலம்ப முடியும்? உங்க சீட்டுல 'கார் ஷோரூம் விற்பனையாளர்'னு எழுதியிருந்ததா, பாத்ததும் பொங்கிடுச்சு. இருபத்தாறு வருஷமா பல் பாக்கறேன் தம்பி. கார் விக்கிறவர் ஒருத்தர் வாயத் திறந்து வச்சிட்டு பேசாம உக்காந்திருக்கறத இன்னைக்குத்தான் பாக்கறேன்.

இப்ப சுருக்குனு இருக்கும்... அவ்வளவுதான், முடிஞ்சுது. உதடு தடிச்ச மாதிரி ஆகும், ஆனா தடிக்காது. அஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். பேசாதீங்க, மரத்துப்போன நாக்கக் கடிச்சுக்குவீங்க. நான் பேசறேன்.

அவருக்கு வேலை என்ன தெரியுமா? பாலம் சோதிக்கிறது. இன்ஜினியர். ஊர்ல இருக்கற அத்தனை பாலத்துக்கும் அடியில போய், எங்கயாவது விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வரணும். அதுதான் பொழப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணு அடங்காது. நாற்காலி வாங்கினா தலைகீழா கவுத்துப் பாப்பார். கல்யாணத்துக்கு முன்னாடி என்னைய எப்படிப் பாத்தீங்கன்னு ஒருநாள் கேட்டேன். 'தாங்கும்னு தோணுச்சு'ங்கறார்! அதுக்கு நான் சந்தோஷப்படறதா, சண்டை போடறதா?

அப்பேர்ப்பட்டவர் கார் வாங்கக் கிளம்பினா எப்படி இருக்கும்? ஒரு நோட்டு. கட்டம் கட்டமா கோடு. நம்பி ஏறலாமா, கட்டுபடியாகுமா, உதிரி பாகம் சட்டுனு கிடைக்குமா, பிரேக் எப்படி, மோதினா உள்ள இருக்கறவங்க கதி என்ன, டிக்கியில என்ன வைக்கலாம்... ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க்கு. நம்ம பரீட்சைக்குக்கூட இவ்வளவு கறாரா யாரும் மார்க்கு போட்டதில்ல. முதல் மாசம் ஆறு வண்டி இருந்துச்சு. குறைக்கறேன் குறைக்கறேன்னு சொல்லிச் சொல்லி நாலாவது மாசம் பதிமூணாச்சு!

அதுல ஊர் முழுக்க அறிவுரை வேற. யாரக் கேட்டாலும் அவங்கவங்க வச்சிருக்கற வண்டிதான் உலகத்துலயே உசத்தி. எங்க எதிர்வீட்டுக்காரர் வண்டி வாரத்துல ரெண்டு நாள் ஒர்க்ஷாப்லதான் நிக்கும். அவரும் 'கண்ண மூடிக்கிட்டு இதையே வாங்குங்க'ங்கறார்! கண்ணத் திறந்தா வாங்க மாட்டோம்ல, அதான். எங்க நாத்தனாரக் கேட்டோம். 'சிவப்பா வாங்குங்க'ன்னாங்க. எந்த வண்டி அண்ணின்னு கேட்டா, 'அதான் சிவப்புன்னு சொல்லிட்டேனே'ங்கறாங்க. அதுக்கு மேல அவங்களுக்கு அபிப்பிராயமே கிடையாது. உருப்படியா பேசினது ஒரு மெக்கானிக்தான். 'சார், எது நல்ல வண்டின்னு எனக்குத் தெரியாது. நல்ல வண்டி எங்கிட்ட வர்றதே இல்ல'ன்னார். எங்க வீட்டுக்காரர் அத அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டார். அடிக்கோடு போட்டு!

அதோட விட்டாரா? சாமான் வாங்கற கடைக்குப் போனா, நான் பையத் தூக்கிட்டு வெளிய வருவேன். இவர் அங்க நிக்கிற ஒரு சின்னக் காருக்கு அடியில குனிஞ்சு டார்ச் அடிச்சுட்டிருப்பார். ஒருநாள் அந்த வண்டிக்காரம்மா வந்து, 'யாருய்யா நீ, என் கார் சக்கரத்தக் கழட்டறியா'ன்னு ஒரே சத்தம். கூட்டம் கூடிடுச்சு. நான் என்ன பண்ணினேன்? யாரோ எவரோன்னு நேரா பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டேன். அரை மணி கழிச்சு சிரிச்சுக்கிட்டே வர்றார். அந்தம்மாகிட்டயே வண்டி எப்படி ஓடுது, எங்க சத்தம் வருதுன்னு எல்லாம் கேட்டு எழுதிட்டு வந்துட்டாராம்!

உதடு மரத்துப்போச்சா? கிள்ளினா தெரியுதா? இல்லல்ல? சரி, ஆரம்பிக்கறேன். சிஸ்டர், அந்தக் குழாய இந்தப் பக்கம் பிடிங்க. சத்தம்தான் வரும் தம்பி, வலிக்காது. வலிச்சா இடது கையத் தூக்குங்க.

...நீங்க சிரிக்கறீங்க. எனக்குல்ல தெரியும் கஷ்டம்! பழைய கார அஞ்சு மாசம் முன்னாடியே வித்தாச்சு. பெரிய வண்டி, பதினாலு வருஷம் ஓடினது. 'புதுசு வரப்போகுது, இது எதுக்கு'ன்னு வித்துட்டார். புதுசு வரல. இப்ப சனிக்கிழமை சனிக்கிழமை பள்ளிக்கூடங்கள்ல பல் பாக்கப் போறேனே, அந்தக் கருவிப் பெட்டியத் தூக்கிட்டு பஸ்ல ஏறணும். போன வாரம் பஸ் ஒரு குலுக்கு குலுக்கினதுல பெட்டி திறந்து, நான் குழந்தைங்களுக்குப் பல் தேய்க்கக் காட்டற பெரிய பொம்மைப் பல்செட்டு ஒரு பெரியவர் மடியில போய் விழுந்துச்சு. அந்த மனுஷன் அலறினார் பாருங்க, டிரைவர் பிரேக் போட்டுட்டார்!

என்ன? என்ன கை காட்டறீங்க... வலிக்குதா? இல்லையா. அப்ப? ...நானும் கூடப் போய்ப் பாக்க வேண்டியதுதானேன்னு கேக்கறீங்களா? நானா? எனக்கு எங்க தம்பி நேரம்! காலைல இங்க, சாயங்காலம் இங்க. அவர் கூப்பிடுவார். வாராவாரம் கூப்பிடுவார், இல்லைன்னு சொல்லக்கூடாது. 'வா, வந்து ஒருதடவ உக்காந்து பாரு'ம்பார். நான் 'ஓட்டப்போறது நீங்க, உங்க இஷ்டம்'னு சொல்லிடுவேன். அத விடுங்க.

சரி, போதும். சொத்தை முழுசும் வந்தாச்சு. எழுந்து உக்காந்து கொப்புளிங்க. மெதுவா... வாய் ஒருபக்கமா ஒழுகும், துடைச்சுக்கோங்க.

என்ன சொல்றீங்க? புரியல, நிதானமா சொல்லுங்க. உசரமா? ஆமா, உசரம்தான். டார்ச்சா? கழுத்துல மாட்டிக்கிட்டா? ...ஐயய்யோ. உங்க ஷோரூமுக்குத்தான் வர்றாரா! தரையில படுத்துக் காருக்கு அடியிலயா? அவரேதான்! சந்தேகமே இல்ல. எத்தனை தடவ வந்திருக்கார்? ...ஒம்போது தடவையா! ஐயோ, மன்னிச்சுக்கோங்க தம்பி. இந்தச் சொத்தையே அவரால வந்துச்சோ என்னவோ. பல்லக் கடிச்சுக் கடிச்சு!

ஓட்டிப் பாத்தாராமா? ...இல்லையா? ஒருதடவகூடவா? 'நீங்க ஓட்டுங்க'ன்னு உங்ககிட்ட சாவியக் கொடுத்துட்டு... பக்கத்து சீட்லயா உக்காந்துக்கறார்?

ம்.

சாஞ்சுக்கோங்க. அடைச்சுடறேன். சிஸ்டர், பஞ்சு வைங்க. அப்புறம் நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.

...முப்பது வருஷமா கார் ஓட்டறவர் தம்பி அவர். மழையில, மலைப்பாதையில, எங்க வேணாலும். நான் பக்கத்துல தூங்கிட்டே வருவேன், அவ்வளவு நம்பிக்கை. அவர் போய் பக்கத்து சீட்ல உக்காரறார்னா... அதுக்குக் காரணம் நான். உங்களுக்கென்ன, உங்களால இப்ப பேச முடியாது. சொல்லிடறேன்.

போன வருஷம் ஒருநாள் காலைல அவசரமா ஒரு போன். சைக்கிள்லேருந்து விழுந்து முன்பல் ரெண்டும் ஆடுதுன்னு ஒரு பொண்ணு. இவர் குளிச்சிட்டிருந்தார். நானே சாவிய எடுத்துட்டு இறங்கிட்டேன். எங்க குடியிருப்புல கீழ்த்தளத்துலதான் கார் நிறுத்தணும், நடுநடுவுல தூணு. ரிவர்ஸ் எடுக்கறேன்... டமால்னு இடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. கிரீ...ச்சுனு ஒரு சத்தம். எனக்கே பல்லு கூசிடுச்சு. இறங்கிப் பாத்தா, பின்கதவுலேருந்து சக்கரம் வரைக்கும் நீளமா கோடு. என்ன பண்றது? அந்தப் பொண்ணப் போய்ப் பாத்துட்டு, திரும்பி வந்து அதே இடத்துல நிறுத்திட்டு, பேசாம இருந்துட்டேன்.

சாயங்காலம் அவர் அதுக்கு முன்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்திருக்கார். தடவிப் பாக்கறார். என்னைப் பாத்து, 'நான்தான் எங்கயோ உரசிட்டேன் போல. கவனிக்கவே இல்ல பாரு'ங்கறார். அப்பவே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்துச்சு. ஆனா அதுக்கு முந்தின நாள்தான், நாத்தனார் முன்னாடியே, 'உங்க தம்பிக்கு ரிவர்ஸ் எடுக்க அரை நாள் வேணும்'னு நான் கேலி பண்ணியிருந்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது? சும்மாவாவது இருந்தேனா... அவரத் தேத்தறேன் தம்பி! 'பரவால்லங்க, வயசாகுதுல்ல'ன்னு முதுகுல தட்டிக் கொடுக்கறேன்!

அடுத்த வாரமே போய் மூக்குக்கண்ணாடிய மாத்திட்டு வந்தார். பத்து நாள் கழிச்சு, 'பெரிய வண்டி நமக்கு வேணாம், சின்னதா ஒண்ணு பாக்கலாம்'னார். பின்னாடி கேமரா வேணுமாம். சின்ன இடத்துலயே திரும்பணுமாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தன் கண்ணு மேலயே சந்தேகம் வந்துடுச்சு மனுஷனுக்குன்னு... ஷோரூமுக்கு நான் கூடப் போனா, 'இனிமே என்னால முடியாது, நீயே ஓட்டு'ன்னு சொல்லிடுவாரோன்னு பயம். அத என் காதால கேக்க முடியாது. அதனாலதான் போகல. நேரமில்லங்கறதெல்லாம் சும்மா.

இந்த நீல வெளிச்சத்தப் பாக்காதீங்க, கண்ணக் கூசும். இருபது நொடி. ...முடிஞ்சுது. கடிச்சுப் பாருங்க. உசரமா தட்டுதா? இல்லையா? நல்லது.

ஏன் என் போனையே பாக்கறீங்க? ...இப்பவேவா? ஆமா. இப்ப சொல்லலன்னா இன்னும் பதினோரு மாசம் ஓடிடும். இருங்க.

ஹலோ, என்னங்க... வேலையா இருக்கீங்களா? பாலத்துக்கு அடியிலயா? சரி, ஒரு நிமிஷம். குறுக்க பேசாதீங்க, அப்புறம் எனக்கு வராது. அந்தப் பழைய கார்ல, பின்கதவுல, அந்தக் கோடு... அது நீங்க இல்லங்க. நான். ...ஹலோ? கேக்குதா?

தெரியுமா? என்ன தெரியும்? ...எப்பலேருந்து? ...அன்னைக்கேவா!

எந்த சீட்டு? ...ஓ. டிரைவர் சீட்டு முன்னாடி இழுத்தே இருந்துச்சா. ஏறினதும் உங்க முட்டி ஸ்டியரிங்ல இடிச்சுதா... அடக் கடவுளே. அத மறந்துட்டேனே. அப்புறம் எதுக்கு 'நான்தான் உரசிட்டேன்'னீங்க? ...நான் சிரிச்சுக்கிட்டு ஒத்துக்குவேன்னா? ...ம். 'வயசாகுதுல்ல'ன்னதும் கோவம் வந்துடுச்சா? ...இல்ல, வரவேண்டியதுதான். அப்ப கண்ணாடி மாத்தினது? ...நான் அது மேல உக்காந்து உடைச்சதாலயா? அதுவும் நான்தானா!

சரி, சின்னக் கார் எதுக்கு? கேமரா எதுக்கு? ...யாருக்கு? எனக்கா?

பெட்டியத் தூக்கிட்டு நான் தனியா போகவர... ம்... நான் உக்காந்து பாக்காம எப்படி முடிவு பண்றதுன்னா... வாராவாரம் அதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?

இல்லைங்க, அழல. இங்க மருந்து வாடை. ...இன்னைக்கேவா? அஞ்சு மணிக்கா? சரி. நானே ஓட்டிப் பாக்கறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. ஆனா ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு வார்த்தை பேசக்கூடாது. சிரிக்கவும் கூடாது. வச்சுடறேன்.

கேட்டீங்களா தம்பி, அந்த மனுஷன்... தம்பி? எங்க போனார்? சிஸ்டர்! நாற்காலியில இருந்தவர் எங்க? ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாதுன்னு சொல்லவே இல்லையே நான்! ...ஷோரூமுக்கா? இந்த வாயோடயா? அப்படி என்ன தலைபோற அவசரம்?

என்னது? மேடம் அஞ்சு மணிக்கு வர்றதுக்குள்ள வாசல்ல நிக்கிற புது வண்டியெல்லாம் உள்ள தள்ளி நிறுத்தணும்னாரா!