செவந்தி காட்டிய மலை

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் விழாத் தலைவர் நாகராசு அவர்களே! வைரசுக்கும் வாத்துக்கும் நடுவே இரண்டாண்டுகள் தூக்கம் தொலைத்த டாக்டர் ரெங்கராஜ் அவர்களே! ஆவூர் பெற்றெடுத்த அருஞ்செல்வம், இன்றைய விழாவின் நாயகி, ஹெல்த் விசிட்டர் அடைக்கலமேரி அவர்களே! விராலிமலைச் சந்தையைப் பாதியில் விட்டு ஓடிவந்த பெரியோர்களே! புருஷன் பேரை உதட்டில் வைக்காமல் உள்ளத்தில் வைத்துக் காக்கும் தாய்மார்களே! ஹெல்த் இன்ஸ்பெக்டர் நல்லதம்பியின் நெஞ்சு நிறைந்த வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக!

என்னை வாழ்த்திப் பேச அழைத்தார்கள். நான் வந்திருப்பதோ என் குற்றத்தை ஒப்புக்கொள்ள. என்ன அங்கிட்டு அதற்குள் கைதட்டல்? குற்றம் என்றதும் உங்களுக்கு அவ்வளவு குஷியா?

சென்ற ஆடியில் வந்ததே ஒரு காய்ச்சல், மறந்துவிட்டீர்களா? ஏர் பிடித்த கை முடங்கியது. நாற்று நட்ட கால் நடுங்கியது. மலேரியா என்றார் ஒருவர், விஷக்காய்ச்சல் என்றார் மற்றொருவர். குளத்துக் கொசுவா, குடத்துத் தண்ணீர்க் கொசுவா? எந்தக் காய்ச்சல் என்று தெரியாமல் எந்தக் கொசுவைத் துரத்துவது?

அதைக் கண்டுபிடிக்கத்தான் டாக்டர் ஒரு சோதனையை உருவாக்கிக்கொண்டிருந்தார். சீமை வாத்தின் இரத்த அணுக்களைக் குடத்துக் கொசு பரப்பும் வைரசோடு கலந்தால் அவை ஒட்டிக்கொண்டு சோதனைத் தட்டின் குழி முழுவதும் பரந்து நிற்கும். அந்தக் காய்ச்சல் கண்டவரின் இரத்தநீரைச் சேர்த்தாலோ, அதிலுள்ள எதிர்ப்புப் பொருள் வைரசைக் கட்டிப்போடும். அணுக்கள் அடியில் இறங்கிச் சின்னச் சிவப்புப் பொட்டாய்க் குவியும். பொட்டு விழுந்தால் அந்தக் காய்ச்சல்தான். அதற்காகக் காய்ச்சலில் ஒருமுறை, மூன்று வாரம் கழித்து மறுமுறை என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை இரத்தம் எடுக்க வேண்டும். எடுத்தவன் அடியேன்.

இருபது பேர். பத்தொன்பது பேருக்குக் கணக்காய் வந்தது. மலையாண்டி என்று எழுதிய ஒருவருக்கு மட்டும் முதல் இரத்தத்தில் பொட்டு விழுந்தது, மூன்று வாரம் கழித்துப் பொட்டையே காணோம்! உடம்பில் ஊறிய எதிர்ப்பு மூன்றே வாரத்தில் ஊரைவிட்டு ஓடிப்போகுமா? டாக்டர் மறுபடி பார்த்தார். மறுபடியும் அதேதான். முகம் செத்துப்போய், சோதனை நம்பத்தக்கதல்ல என்று மேலிடத்துக்குக் கடிதமே எழுதிவிட்டார். இரண்டாண்டு உழைப்பு ஒரு உறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. காலைத் தபாலில் போக வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் அடைக்கலமேரி என் நோட்டைப் புரட்டினார். பேரைச் சொன்னது யார் என்று கேட்டார். மலையாண்டி காய்ச்சலில் பேச முடியாமல் கிடந்தார், அவர் சம்சாரம்தான் சொன்னது என்றேன்.

"பொண்டாட்டியா? வாயைத் திறந்து பேரையா சொன்னாங்க?"

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். செவந்தி என்ற அந்த அம்மாளிடம் கேட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டு முருகன் கோயில் மலையைக் கைகாட்டினார். சாமி பேராம். அவுக எந்திரிச்சதும் அவுகளையே கேட்டுக்கங்க என்றும் சொன்னார். எனக்குப் பொறுமை ஏது? மலையென்றால் மலையாண்டி என்று எழுதினேன். அடுத்த வீட்டு மூக்காயியும் அதே மலையைக் காட்டினார். அங்கேயும் ஆள் சுருண்டு கிடந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே பேரா இருக்கும்? அறிவாளியல்லவா நான், சண்முகம் என்று எழுதினேன்!

உண்மையில் செவந்தியின் கணவர்தான் சண்முகம். மூக்காயியின் கணவர்தான் மலையாண்டி. மூன்று வாரம் கழித்து எழுந்து உட்கார்ந்தவர்கள் தங்கள் பேரைத் தாங்களே சொன்னார்கள். முதல் இரத்தம் ஒருவருடையது, மறு இரத்தம் மற்றவருடையது! சண்முகம் என்று எழுதியதில் முதலில் இல்லாத பொட்டு பிறகு விழுந்ததால், காய்ச்சலில் அது வழக்கம்தானே என்று யாரும் சந்தேகப்படவில்லை.

அடைக்கலமேரி சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது.

"எங்க ஆத்தா எங்கப்பா பேரைச் சொல்லாமலே நாலு புள்ளைக்கு ஞானஸ்நானம் முடிச்சாங்க. நீங்க மலையைப் பார்த்துப் பேர் எழுதிட்டீங்களே சார்."

சிரித்ததோடு நின்றாரா? விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனார். அவரவர் வாயால் பேர் கேட்டு, மூன்றாவது முறையாக இரத்தம் எடுத்து வந்தார். டாக்டர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தட்டைப் பார்த்தார். சண்முகத்தின் குழியில் பொட்டு விழுந்தது! மலையாண்டிக்கு விழவில்லை, அவருக்கு வந்தது வேறு காய்ச்சல். சோதனை பிழைத்தது. டாக்டர் அந்தக் கடிதத்தை நாலாய்க் கிழித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிறகென்ன? வீட்டுத் தண்ணீரில் வளரும் கொசு என்று தெளிந்தது. குடங்களை மூடினீர்கள், தொட்டிகளைக் கவிழ்த்துத் தேய்த்தீர்கள். இந்த ஆடியில் முடங்கிய கை ஒன்று உண்டா? தூக்கிக் காட்டுங்கள் பார்ப்போம்! ஆகா, எத்தனை கைகள், எல்லாம் நீட்டி நிமிர்ந்த கைகள்!

சோதனை செய்தது வாத்தும் வைரசும் மட்டுமா? வாயைத் திறக்காத ஒரு வழக்கத்தை வாய்விட்டுச் சிரித்துப் புரிந்துகொண்ட ஒரு பெண்ணும் அல்லவா! இனி என் நோட்டில், நோயாளி வாய் திறந்து சொல்லாத பேர் ஏறாது.

முன்வரிசையில் செவந்தி அம்மாள் இருக்கிறார். தாயே, மாலை போட அழைக்க வேண்டும், உங்கள் வீட்டுக்காரர் பேர் என்ன? பார்த்தீர்களா, இன்றைக்கும் மலையைத்தான் காட்டுகிறார்! என்னம்மா சொல்கிறீர்கள்? சத்தமாக...

"அவுகளையே கேட்டுக்கங்க சார். இப்பத்தான் எந்திரிச்சு நிக்கிறாகளே."

கேட்கிறேன் தாயே, இந்த முறை காத்திருந்து கேட்கிறேன். ஐயா, உங்கள் பேர்?

"சண்முகம்!"

கேட்டதா விராலிமலை? போன ஆடியில் பாயில் சுருண்டு கிடந்த குரல் இது! இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? வாருங்கள் சண்முகம், அடைக்கலமேரிக்கு மாலையை உங்கள் கையாலேயே போடுங்கள். பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.