ஒட்டாத கால்

— கத்தாத பாய். காது நல்லாத்தேன் கேக்குது. காரை மட்டும் தொட்டுராத.

— தொடல, தொடல. இந்தா, கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். சாமி, ஒன் காலு ரெண்டுந்தேன் வெளிய தெரியுது. மத்ததெல்லாம் எங்கப்பா?

— எல்லாம் ஒண்ணாத்தேன் இருக்கு. ஜாக்கி சாஞ்சிருச்சு, வண்டி எறங்கிருச்சு. அக்கம்பக்கத்துல வேற யாராச்சும் இருக்காங்களா பாரு.

— யாரு இருக்கா? ஊரே மாரியம்மன் கோயில்ல கெடக்கு. இன்னைக்குப் பூக்குழி எறங்குறாங்க.

— டெய்லர் சடையாண்டி?

— பூட்டியிருக்கு. அவரு பொண்டாட்டி தீச்சட்டி எடுக்குதாம். நீ கேட்டுக்கிட்டே போனாலும் தெருவுல நான் ஒருத்தன்தேன். விரத நாள்ல கறிக்கடையைத் தெறந்து யாருக்கு வெட்ட? படுத்திருந்தேன், தடார்னு சத்தம். முட்டி வலியோட செவுரு ஏறிக் குதிச்சு வாரேன், நீ வேற ஆளு தேடுற.

— ஒங்கிட்டப் போயி ஒதவி வாங்கி…

— வாங்கி? சொல்லி முடி.

— ஒண்ணுமில்ல.

— பத்து மாசமா என்னையப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறவன்தான? இப்பவும் திருப்பிக்க. அடியில திரும்ப எடமிருக்கா?

— இல்ல. நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவுல ரெண்டு வெரக்கடை.

— யா அல்லா! காலைப் புடிச்சு இழுத்துரவா?

— இழுத்தா நான் வருவேன், கை வராது. எடது கை மாட்டியிருக்கு. கழட்டுன சக்கரத்தைப் படுக்கப் போட்டு அடியில தள்ளி வச்சிருந்தேன், ஒரு காவலுக்கு. வண்டி இப்ப அதுமேலதேன் ஒக்காந்திருக்கு. கை வண்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல.

— அந்தச் சக்கரம் தாங்கும்ல? அப்ப நான் ஓடிப்போயி கோயில்ல இருந்து நாலு பேரைக் கூட்டியாரேன்.

— பாய்.

— என்னப்பா?

— செத்த மூச்சு விடாம இரு. கேக்குதா?

— புஸ்ஸுன்னு கேக்குது. பாம்பா?

— காத்து. துருப்புடிச்ச தகடு டயரை அறுத்துருச்சு. காத்து முழுசும் போச்சுன்னா அந்த ரெண்டு வெரக்கடையும் போயிரும். நீ கோயிலுக்குப் போயித் திரும்புற வரைக்கும் அது நிக்காது.

— அப்ப வீட்டுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கு ஒரு போனைப் போட்டுட்டு…

— ஆமா, போனு. ஒனக்கு அது கைவந்த கலையாச்சே.

— இந்தா பாரு சாமி, இது அந்தப் பேச்சுப் பேசுற நேரமா?

— எந்த நேரத்துல பேச? தெருவுல போன் இருக்கிறது ஒன் வீட்டுல மட்டுந்தேன். வீட்டு லைன்ல வெல்டிங் மிசினு ஓட்டுறான்னு போன்ல தகவல் வந்துச்சுன்னு லைன்மேனே சொன்னாரு. கரண்டு ஆபீஸ்காரங்க ஜீப்புல வந்து எறங்கி, பட்டறை வயரை அறுத்து, மிசினுக்கு சீல் வச்சுட்டுப் போனாங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். தெருவே பாத்துச்சு.

— என் வீட்டுப் போனுதேன். இல்லேன்னு என்னைக்காச்சும் சொன்னேனா? வெளிய வந்து என்னைய அடி, வாங்கிக்கிறேன். இப்ப நான் என்ன செய்யணும், அதைச் சொல்லு.

— …பின் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு வை. பிரேக்கு இல்லாத வண்டி. நகண்டுச்சுன்னா முடிஞ்சேன்.

— வைக்கிறேன். அம்மிக்குழவி கெடக்கு, அதையும் வச்சிருக்கேன். அப்பறம்?

— ஜாக்கி எங்கிட்டு உருண்டு கெடக்குன்னு பாரு. செவப்பா, தண்ணிச் செம்பு கணக்கா இருக்கும்.

— இந்தா கெடக்கு. கீழ ஒடைஞ்ச செங்கல்லு வேற கெடக்கு. அட என்னப்பா நீ! செங்கல்லு மேலயா ஜாக்கியை நிறுத்துன?

— ஒசரம் பத்தல. நீ அதை விட்டுட்டு வேலையைப் பாரு. அடியில ஒரு திருகு இருக்கும். எடது பக்கமாத் திருப்பி, மேல நீட்டிக்கிட்டு இருக்கிற தண்டை உள்ள அமுக்கு.

— அமுங்குது. எண்ணெ கசியுதேப்பா.

— கசியட்டும். இப்பத் திருகை வலது பக்கமா நல்லா இறுக்கு. பட்டறை மேசை மேல கனமா ஒரு இரும்புப் பலகை இருக்கும், அதைத் தரையில போட்டு அதுமேல ஜாக்கியை நிறுத்து.

— எங்கிட்டு நிறுத்த? ஒன் தலைமாட்டுலயா?

— முன்பக்கம். குனிஞ்சு பாத்தேன்னா குறுக்க ஒரு தடிச்ச இரும்பு ஓடும். அதுக்கு நேரா வை. வெறுந்தகட்டுல வச்சுராத, பொத்துக்கிட்டுப் போயிரும்.

— வச்சுட்டேன். கைப்புடியைச் சொருகி மேலயும் கீழயும் ஆட்டணும், அம்புட்டுத்தான?

— அம்புட்டுத்தேன். ஆனா எண்ணெ கசியுற ஜாக்கியை நம்பி நிக்க முடியாது. தூக்கத் தூக்க அடியில ஏதாச்சும் முட்டுக் குடுக்கணும்.

— இந்தா, மூலையில ரெண்டு ஸ்டாண்டு கெடக்கே, இரும்புல. அதைத் தள்ளவா?

— அதைத் தொடாத! ரெண்டுலயும் நாலாவது காலு ஒட்டல. பாரம் ஏறுச்சுன்னா சாஞ்சு என்மேலதேன் விழும்.

— செய்யுறதைச் செஞ்சே, ஒரு காலை ஏன் ஒட்டாம விட்ட?

— ஏனா? நீ கேக்குறியா இதை? அன்னைக்கு அந்தக் காலைப் புடிச்சு வெல்டு வச்சுக்கிட்டு இருக்கையிலதேன் வயரை அறுத்தாங்க. அந்த ஸ்டாண்டு ரெண்டும் முடிஞ்சிருந்தா நான் எதுக்கு இந்தச் செங்கல்லை நம்புறேன்?

— அது கெடக்கட்டும் விடு. முட்டுக்கு வழி பாக்குறேன். வீட்டுல பக்ரீதுக்குக் கறி வெட்டுற புளியங்கட்டை இருக்கு. ஒரு சாண் ஒசரம். எத்தனை வெட்டு வாங்குனாலும் அசையாது. ஓடிப்போயி எடுத்தாரேன்.

— பாய்… போயிட்டு வந்துருவேல்ல?

— கேணப்பய மாதிரி கேக்காத. வாய்விட்டு ஏதாச்சும் பேசிக்கிட்டே கெட. எனக்குச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும்.

— என்னத்தப் பேச? …மில்லு மூடுனப்ப கேட்டுக்கு வெளிய நின்னேன். பிட்டரு பெருமாள்சாமின்னு பத்தொம்பது வருசம் கூப்புட்டவங்ய, அன்னைக்கு ஏ, தள்ளி நில்லுங்கறாங்ய. அதுக்கப்பறந்தேன் இந்த மாட்டுக்கொட்டத்தைக் கூட்டி, தரையைப் பூசி, பட்டறைப் பலகை போட்டேன். பாய்? குஜிலியம்பாறையில இந்தப் பியட்டுக் காரைப் பாக்கையில உள்ள கோழி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. பின் சீட்டு பூராம் கோழி எச்சம். ஆனா எஞ்சினு தங்கம். இது ஒண்ணு ரோட்டுல ஏறிட்டா ஊருக்குள்ள பேரு தன்னால வந்துரும்னு… பாய்! பாய், கேக்குதா?

— வந்துட்டேன், வந்துட்டேன். இந்தா கட்டை. டயரு சத்தம் கம்மியாயிருச்சே, காத்து நின்னுருச்சா?

— நிக்கல. தீரப் போகுது. இப்ப நெஞ்சுல லேசாத் தொடுது. சட்டையில ஒட்டுது.

— பேசாத. மூச்சை அளந்து விடு. நான் அடிக்கிறேன். பிஸ்மில்லா…

— மெதுவா, மெதுவா. அவசரப்பட்டா மறுபடி சாயும்.

— ஏறுது. ஒரு நூலு ஏறுது.

— நெஞ்சுல இருந்து வெலகிருச்சு. விடாத, அடி.

— சாமி, ஒண்ணு கேக்குறேன். ஒன் பொண்டாட்டி ஜக்கம்மாவோட அண்ணன் லாரிக்கடியில நசுங்கித்தான செத்தாரு? வீட்டுல அப்படி ஒரு சாவைப் பாத்தவ இருக்கையில எப்படிப்பா ஒனக்கு மனசு வந்துச்சு இதுக்கடியில படுக்க?

— அதுக்குத்தேன் பாய் அந்த ஸ்டாண்டே. நான் கொட்டத்துக்குள்ள நொழஞ்சாலே அவ சோறு திங்க மாட்டா. ராவெல்லாம் அழுவா. சரி, பத்திரமா ஒண்ணு செஞ்சு, வண்டியை அதுமேல ஏத்தி, அவளைக் கூட்டியாந்து, இந்தா நீயே ஆட்டிப் பாரு, அசையுதான்னு கேக்கணும்னு நெனச்சேன். அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடல.

— அவளுக்குத் தெரியாதா?

— முடிக்காத வேலையைச் சொல்லி என்ன ஆகப்போகுது? ஏன் நிறுத்திட்ட? அடி.

— கையில எண்ணெ. தொடைச்சேன். இந்தா, கட்டை இப்பப் போகும். தள்ளுறேன்… போயிருச்சு. முட்டு உக்காந்துருச்சு!

— இன்னும் செத்த தூக்கு. கையை உருவணும்.

— எம்மக சுலைகா கல்யாணத்துக்கு நீ வரல. ஒன் பங்குச் சோத்தை அடுக்குச் சட்டியில போட்டு வச்சுப் பொழுதுசாயிற மட்டும் வாசலைப் பாத்தேன். அந்தக் கோவம் எனக்கும் இருக்கு. எந்திரிச்சு வந்து ஒரு வாய் பதில் சொல்லணும் நீ. கேக்குதா?

— கேக்குது… இன்னும் ஒரு அடி… அய்யோ! ஆத்தாடீ…

— என்னப்பா? எறங்கிருச்சா?

— இல்ல… கை வந்துருச்சு. வந்துருச்சு பாய். இப்ப இழு. ரெண்டு காலையும் புடிச்சு இழு!

— யா ரஹ்மானே… வா, வா, வா… வந்துட்டேப்பா! அப்படியே மல்லாந்து கெட. எந்திரிக்காத. துண்டை இறுக்கிக் கட்டுறேன், பல்லைக் கடிச்சுக்க. வெரலு அசையுதா?

— மூணு அசையுது.

— மூணு போதும். அல்லா மிச்சத்தையும் பாத்துக்குவான். யாரு அது வாசல்ல? தங்கச்சி! அங்கேயே நில்லும்மா, பதறாத.

— என்னண்ணே? ஏன் கீழ கெடக்காரு? அய்யோ, ரத்தம்! மாரியாத்தா, ஒன் வாசல்லதான இம்புட்டு நேரம் நின்னேன்…

— ஜக்கம்மா, கத்தாத. உசுரு இருக்கு. கைதேன் போச்சு. பாய்தேன் வண்டியைத் தூக்கி வெளிய இழுத்துப் போட்டாரு.

— தங்கச்சி, நீ இந்தத் துண்டை அழுத்திப் புடி. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடி ஒரு ஆட்டோவைக் கூட்டியாரேன்.

— நில்லு பாய். இவ முன்னாலயே சொல்லிப்புடுறேன். இன்னைக்கு நீ வரலேன்னா நான் இல்ல. அதைச் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா அன்னைக்கு நீ அந்தப் போனைப் போடாம இருந்திருந்தா நாலாவது காலும் ஒட்டியிருக்கும், இந்தக் கையும் இப்படி ஆயிருக்காது. அதையும் என்னால மறக்க முடியல.

— மறக்க வேணாம். யாரு மறக்கச் சொன்னா? மொதல்ல ஆஸ்பத்திரிக்கு நட.

— எந்த நாலாவது காலு? என்னய்யா சொல்ற?

— மூலையில கெடக்கு பாரு, அந்த ஸ்டாண்டு. வண்டியை விழாமத் தாங்குறதுக்குச் செஞ்சேன். ஒங்க அண்ணனை நெனச்சு நீ அழுத அழுகைக்குத்தேன் செஞ்சேன். கரண்டு ஆபீஸ்காரங்க வந்தாங்கல்ல, அன்னைக்கு அதைத்தேன் ஒட்டிக்கிட்டு இருந்தேன்.

— அன்னைக்கா?

— அன்னைக்குத்தேன். செத்த நேரம் விட்டிருந்தா முடிச்சிருப்பேன்.

— தங்கச்சி, வேணாம்மா. அண்ணன் சொல்றேன்ல? துண்டைப் புடி. வேற எதுவும் பேசாத.

— இருங்கண்ணே.

— ஏண்டி துண்டை விட்டுட்டு அந்த ஸ்டாண்டுகிட்டப் போற? அதேன் பொழைச்சுட்டேன்ல?

— பாய் அண்ணன் வீட்டுக்குப் போயி, அவரு வேணாம் வேணாம்னு தடுக்கத் தடுக்க அந்தப் போனை எடுத்துக் கரண்டு ஆபீசுக்குப் பேசுனது நாந்தேன்யா… நீ இந்தக் காருக்கடியில செத்துரக் கூடாதுன்னு.