பால் இல்லாத ஒரு மணி நேரம்

மருமகள்: ...அதான் அத்தை, அடுத்த விமானத்துக்கு அஞ்சு மணி நேரம் இருக்கு. ஆனா ரெண்டு மணி நேரம் முன்னாடியே அங்க இருக்கணும்.

அத்தை: அப்ப மூணு.

மருமகள்: வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆச்சே. திரும்பப் போக...

அத்தை: ஒரு மணி நேரம்தான்னு சொல்லேன்டி! இதுக்கு இவ்ளோ சுத்தா? உட்காரு. அந்த நாற்காலி வேணாம், ஊசி கிடக்கும்.

மருமகள்: தையல் மெஷின் புதுசா?

அத்தை: பழசுதான், பெயின்ட் அடிச்சேன். கை கழுவிட்டு வா. பசி மூஞ்சியிலேயே தெரியுது. விமானத்துல ஒண்ணும் குடுக்கலையா?

மருமகள்: பால்கூட சேராத வீகன் சாப்பாடுன்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். ஒரு வாழைப்பழம் வந்துச்சு.

அத்தை: ஒண்ணா?

மருமகள்: கூடவே கத்தியும் முள்கரண்டியும்.

அத்தை: அட பாவிங்களா... இறங்கினதும் ஏதாவது வாங்கிச் சாப்பிட வேண்டியதுதானே?

மருமகள்: மூணு கடை ஏறி இறங்கினேன். பால் இல்லாம காபின்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே க்ரீம் போட்டுக் குடுக்கறான்.

அத்தை: விடு. இந்தா, ரொட்டி. பயப்படாதே, பாக்கெட் பின்னாடி எழுதினது பூராவும் படிச்சேன். நூல் கோக்க ஒரு பூதக்கண்ணாடி வச்சிருக்கேன்ல, அதைக் கடைக்கே எடுத்துட்டுப் போய்.

மருமகள்: அத்தை!

அத்தை: முதல் பாக்கெட்ல பால் பவுடர். ரெண்டாவதுல முட்டை. மூணாவதுல என்னவோ நம்பரா போட்டிருந்தான், கடைக்காரனுக்கே தெரியலை. நாலாவதுதான் இது. மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட்.

மருமகள்: ஈஸ்ட்...

அத்தை: ஏன்... அதுவும் உயிரா?

மருமகள்: இல்லை இல்லை, அது பரவாயில்லை.

அத்தை: அப்பாடா. ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்.

வாடிக்கையாளர்: அம்மா, என் பேன்ட் ஆச்சா?

அத்தை: நாளைக்குன்னுதானே சொன்னேன்? இடுப்பைப் பிரிச்சாச்சு, இன்னும் மூட்டலை.

வாடிக்கையாளர்: சும்மா இந்தப் பக்கம் வந்தேன், கேட்டேன். யாரு, பொண்ணா?

அத்தை: மருமக.

வாடிக்கையாளர்: ஓ! உங்க பையனும் வந்திருக்காரா?

அத்தை: இவ மட்டும்தான். நீங்க நாளைக்கு நாலு மணிக்கு வாங்க.

வாடிக்கையாளர்: ரெண்டு இஞ்ச் தளர்த்திடுங்கம்மா.

அத்தை: உங்களைப் பார்த்ததுமே மூணு தளர்த்திட்டேன். போயிட்டு வாங்க.

மருமகள்: ...இன்னும் மருமகள்னே சொல்றீங்க.

அத்தை: பின்ன? வர்றவன் போறவனுக்கெல்லாம் கோர்ட்டு காகிதத்தைக் காட்டவா? விவாகரத்துன்னு நீயும் அவனும் கையெழுத்துப் போட்டீங்க. மூணு வருஷம் ஆச்சு. என்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கலை.

மருமகள்: அவர் எப்படி இருக்கார்?

அத்தை: நல்லாத்தான் இருக்கான். ஞாயித்துக்கிழமை தவறாம போன் வரும். உன் பேச்சை எடுத்தா மழை வெயில்னு மாத்திடுவான். நீங்க ரெண்டு பேரும் கத்திச் சண்டை போட்டாவது பிரிஞ்சிருக்கலாம். யாரையாவது ஒருத்தரைத் திட்ட எனக்கு வசதியா இருந்திருக்கும்.

மருமகள்: என்னைத் திட்டிக்கோங்க.

அத்தை: வாய் பேசாம சூப்பைக் குடி, ஆறுது. கொண்டைக்கடலையும் தக்காளியும்தான். வெண்ணெய் போடலை.

மருமகள்: நான் கேக்கவே இல்லையே.

அத்தை: நீ கேக்க மாட்டே. கல்யாணமான புதுசுல ஒரு நாள்... வெண்ணெய் போட்டுட்டு போடலைன்னு சொல்லிட்டேன். ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தியா, மனசு கேக்கலை.

மருமகள்: தெரியும்.

அத்தை: தெரியுமா!

மருமகள்: மேலேயே மிதந்துச்சே அத்தை.

அத்தை: தெரிஞ்சுமா குடிச்சே?

மருமகள்: நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் அவர் கிண்ணத்துல ஊத்திட்டேன்.

அத்தை: அடியே! அதான் அந்த வருஷம் அவனுக்குத் தொப்பை விழுந்துச்சா!

மருமகள்: சிரிக்காதீங்க, எனக்குப் புரை ஏறுது... அத்தை, நான் இந்த வழியா வந்ததுக்கு...

அத்தை: இன்னும் கொஞ்சம் ஊத்தவா?

மருமகள்: வேணாம். கொஞ்சம் உட்காருங்களேன்.

அத்தை: உட்கார்ந்தா அவன் பேன்ட்டை யார் மூட்டறது? நீ சொல்லு, காது சும்மாதானே இருக்கு.

மருமகள்: உட்காருங்கன்னா...

அத்தை: சரி. உட்கார்ந்துட்டேன்.

மருமகள்: நேரா போற விமானமே இருந்துச்சு. நான்தான் இங்க இறங்கி மாறுற மாதிரி டிக்கெட் போட்டேன். போன்ல சொல்ற விஷயம் இல்லைன்னு...

அத்தை: ம்.

மருமகள்: அடுத்த மாசம்... எனக்குக் கல்யாணம். எங்க ஸ்கூல்லயே டிராயிங் வாத்தியார். நல்ல மாதிரி.

அத்தை: ம்.

மருமகள்: இப்படி ‘ம்’ போடாதீங்க அத்தை. ரெண்டு வார்த்தை திட்டிடுங்க.

அத்தை: எதுக்குத் திட்டணும்?

மருமகள்: அப்புறம் நான் இங்க எந்த முறையில வருவேன்? யாராவது கேட்டா யாருன்னு சொல்வீங்க? கிளம்பினதுலேர்ந்து இதே நினைப்புதான். இன்னிக்கோட சரியோ, இனிமே இந்தப் படி ஏற முடியாதோன்னு...

அத்தை: ஏய், அழாதே. ஐயோ, அதுல துடைக்காதே, அது அடுத்தவங்க சட்டை! இந்தா, இதுல துடை.

மருமகள்: உங்களுக்குத் தூக்கிவாரிப் போடலையா? நான் என்னவோ வானிலை சொன்ன மாதிரி உட்கார்ந்திருக்கீங்க...

அத்தை: தூக்கிவாரிப் போட்டு பத்து நாள் ஆச்சு. மாப்பிள்ளை போன் பண்ணினாரு. உனக்கு என்னென்ன சமைச்சுப் போடலாம்னு உன் அம்மாகிட்ட ரகசியமா கேட்டுக்க நினைச்சாராம். உன் போன்ல ‘அம்மா’ன்னு ரெண்டு நம்பர் இருந்துச்சாம். அவர் அடிச்சது ரெண்டாவது நம்பருக்கு. எடுத்தது நான்டி.