கூடையில் இறங்கிய புறா

— என்ன வக்தி சம்பந்தி, வெந்த புறாவைக் கூடையில வச்சு பால்கனியிலேருந்து இறக்குறீங்க? அதுக்குப் பறக்கச் சொல்லித் தர்றீங்களா?

— ஐயோ, சப்ரி சம்பந்தி! சத்தம் போடாதீங்க, மானம் போகுது.

— என் பொண்டாட்டி விடியக்காலையில எழுந்து, கோதுமை அடைச்சுச் செஞ்சதுங்க அது!

— வாசமே ஆளைத் தூக்குது. வயிறு வேலைநிறுத்தம் பண்ணுதே, நான் என்ன செய்ய? பல வருஷச் சர்க்கரை வியாதி வயித்து நரம்பைக் கெடுத்திடுச்சாம். நேத்துத் தின்ன மொச்சை இன்னும் உள்ளேயே குடித்தனம் பண்ணுது. ரெண்டு வாய்க்கு மேல போனா வாந்திதான்.

— அடேயப்பா! சர்க்கரை காலைத்தான் பிடிக்கும்னு நினைச்சேன்.

— நானும்தான். ஊசி போட்டுக்குவேன், சோறு வயித்தை விட்டு நகராது, சர்க்கரை இறங்கி மயங்கி விழுவேன். கெய்ரோ டாக்டர்தான் கண்டுபிடிச்சார். குழைவா, கொஞ்சம் கொஞ்சமா, கொழுப்பில்லாம தின்னச் சொல்லியிருக்கார்.

— அதை உள்ளே சொல்லித் தொலைக்கிறதுதானே?

— உங்க வீட்டம்மாகிட்டயா? தட்டுல மிச்சம் வச்சாங்கன்னு போன சம்பந்தத்தையே முறிச்சாங்களாமே! இந்தத் தந்தா நகரம் பூரா அதே பேச்சு. என் பொண்ணு காலையில அழுதுட்டா. ‘அப்பா, எப்படியாவது தின்னுடுங்க, நாதிரை விட்டா எனக்கு வேற யாரும் வேணாம்’னு.

— நெசம்தான். என் பையன் நாதிர் கல்யாணமா இருந்தாலும், விருந்தாளி தட்டு காலியாகாம பாத்திஹா ஓதி நிச்சயம் பண்ண விடமாட்டா. ஆனா அவ நம்மகூட உக்கார மாட்டா. எல்லாரும் எழுந்தப்புறம் பால்கனிக் காத்துல தனியா சாப்பிடுவா. தட்டு பளபளன்னு திரும்பி வரும். அப்படியும் உடம்புல ஒட்டலை. அவளுக்கும் சர்க்கரைதான், பாருங்க.

— ஷ்ஷ்! வர்றாங்க.

— ஏங்க, சம்பந்தி தட்டு காலியா?

— காலி, இன்ஷிராஹ்! எலும்புகூட மிச்சமில்ல!

— எலும்பையுமா? மாஷா அல்லாஹ்! அப்போ இன்னொண்ணு வைக்கிறேன். அல்லாஹ் மேல ஆணை, வேணாம்னு சொல்லக் கூடாது.

— சப்ரி சம்பந்தி, என்னைக் கொன்னுட்டீங்களே!

— அம்மா! கீழேருந்து வாட்ச்மேன் அவத் பேசுறேன்! கூடை வந்திடுச்சு! தினமும் உங்க தட்டு சாப்பாடு எல்லாரும் படுத்தப்புறம்தானே இறங்கும், இன்னைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம்?

— ...இன்ஷிராஹ்? உன் சாப்பாடா?

— ரெண்டு வாய்க்கு மேல இறங்கலைங்க. அப்படியே நெஞ்சுல நிக்குது. ஊருக்கே ஊட்டுறவ, என்னால தின்ன முடியலைன்னு எந்த வாயால சொல்வேன்?

— பைத்தியக்காரி! என்கிட்டக்கூடவா? நான் பயந்துக்கிட்டே இருந்தேன்டி, நீ இளைச்சுக்கிட்டே போறதைப் பாத்து. இதோ, சம்பந்திக்கும் இதே கதைதான். அந்தப் புறா அவரோடது. நாளைக்கே அவர் டாக்டர்கிட்ட போறோம்.

— உங்களுக்குமா, சம்பந்தி?

— எனக்கும்தான், அம்மா. மன்னிச்சிடுங்க. என் பொண்ணை மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க.

— உள்ளே வாங்க சம்பந்தி, பாத்திஹா ஓதுவோம். பொண்ணு மாப்பிள்ளை பொருத்தம் கிடக்கட்டும், நம்ம ரெண்டு வயித்துக்கும் அமோகப் பொருத்தம்!